ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் போடுவது எப்படி?

நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "இன்ஹேலர் போட்டும் வீசிங் நிற்கவில்லை சிஸ்டர்" என்று வருபவர்களை, முதலில் என் முன்னால் போட்டுக் காட்டச் சொல்வேன். பலர் நாக்கில்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாயான ஸ்பேசர் இருந்தால் வேலை எளிது. மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிப் பின்பக்கம் செருகுங்கள். சின்னக் குழந்தைக்கு மாஸ்க் வேண்டும். மூக்கையும் வாயையும் சந்து விடாமல் மூட வேண்டும். ஒரு தடவை அழுத்திவிட்டு, குழந்தை 5, 6 மூச்சு விடும்வரை எடுக்காதீர்கள். அழும்போது போட்டால் மருந்து சரியாக உள்ளே போகாது. மடியில் வைத்துச் சமாதானப்படுத்திவிட்டுப் போடுங்கள். பெரியவர்கள் மெதுவாக, ஆழமாக இழுத்து 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். கட்டைவிரலில் பலமில்லாத தாத்தா, பாட்டி இரண்டு கையாலும் அழுத்தலாம். அடுத்த அழுத்தத்துக்கு மறுபடி குலுக்குங்கள். இரண்டையும் சேர்த்து அடிக்காதீர்கள்.

புடசொனைடு போன்ற தடுப்பு மருந்தை, வீசிங் இல்லாத நாளிலும் டாக்டர் சொன்னபடி போட வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம். உடனடி நிவாரணத்துக்கான சால்பூட்டமால் வாரத்தில் 2 நாளுக்கு மேல் தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தைக்கு விலா நடுவே சதை உள்வாங்கினால், உடனே 108. வண்டி வரும்வரை உட்காரவைத்து, டாக்டர் எழுதித் தந்த அளவில் சால்பூட்டமாலைக் கொடுங்கள்.