மலைத் தேசியப் பூங்காக்களில் குறைந்த செலவில் முகாமிட்டு நடக்கத் திட்டமிடுவது எப்படி?

மலைகளில் உள்ள தேசியப் பூங்காக்களுக்குச் சிக்கனமாகச் சென்றுவர விரும்புவோர் பெரும்பாலும் மலிவான கூடாரம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் எத்தனை பூங்காக்களுக்குப் போகிறோம், எந்த மாதத்தில் போகிறோம், அனுமதியை எப்போது பெறுகிறோம் ஆகிய மூன்றும்தான் மொத்தச் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. எனவே, கருவிகளை வாங்குவதற்கு முன்பே இவற்றை முடிவு செய்துவிட வேண்டும்.

ஒரு வாரத்தில் நான்கைந்து பூங்காக்களைப் பார்த்துவிடத் துடிப்பவர்கள் எரிபொருளுக்கும் வாகன வாடகைக்கும் பணத்தைக் கொடுத்து, நடக்க வேண்டிய நேரத்தைச் சாலையில் இழக்கிறார்கள். அடுத்தடுத்து அமைந்த இரண்டு பூங்காக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நாட்கள் தங்குவதே சிறந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும் அருகருகே உள்ளன. கனடாவின் பான்ஃப், ஜாஸ்பர் ஆகிய இரண்டையும் சுமார் 230 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை ஒன்று இணைக்கிறது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கா, வாகனத்துக்கா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வாகனத்துக்கு என்றால், நால்வர் சேர்ந்து போகும்போது அது நான்கில் ஒரு பங்காகிவிடும்.

வடகோளத்தின் குளிர் நாடுகளில் உயரமான பாதைகள் பலவற்றில் ஜூலை வரைகூடப் பனி கிடக்கும் என்பதால், மலிவாக இருக்கிறதே என்று மே மாதத்தில் போனால் பள்ளத்தாக்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம். பள்ளிகள் திறந்த பிறகு வரும் செப்டம்பர் வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். அப்போது கூட்டம் குறைந்திருக்கும், பாதைகள் திறந்திருக்கும், கொசுத்தொல்லையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் இரவுக் குளிர் கூடுதலாக இருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாகனம் சென்று நிற்கும் முகாம் தலங்கள் புகழ்பெற்ற பூங்காக்களில் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. முன்பதிவு தொடங்கும் நாளையும் நேரத்தையும் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக் குறித்துவைத்து, இரண்டு மூன்று மாற்றுத் தேதிகளையும் கையில் வைத்திருங்கள். நடந்து மட்டுமே அடையக்கூடிய காட்டு முகாம்களுக்கான அனுமதி பெரும்பாலும் இவற்றைவிட மலிவானது. பல பூங்காக்கள் அவற்றில் ஒரு பகுதியை நேரில் வருவோருக்கென ஒதுக்கிவைப்பதும் உண்டு. அமெரிக்காவில் பூங்கா எல்லைக்கு வெளியேயுள்ள தேசிய வனப்பகுதிகள் பலவற்றில் கட்டணமின்றியே கூடாரம் அமைக்கலாம். நெருப்பு மூட்டுவதற்கும் தங்கும் நாட்களுக்கும் உள்ள விதிகளை மட்டும் அங்குள்ள வன அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, எதை இரவல் பெறுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கூடாரம், அடுப்பு, முதுகுப்பை ஆகியவற்றைத் தயங்காமல் வாடகைக்கோ இரவலாகவோ பெறலாம். காலணி மட்டும் உங்கள் காலுக்கென வாங்கி, பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அணிந்து பழகியதாக இருக்க வேண்டும். மழைச்சட்டையிலும் உறக்கத்துக்கான கதகதப்பிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைவதால், அடிவாரத்து வானிலை முன்னறிவிப்பை மட்டும் நம்பி மேலே தூங்க முடியாது. ஸ்லீப்பிங் பேகின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு வெப்பநிலைகளில், வசதியாகத் தூங்கக்கூடிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள், தாங்கக்கூடிய கடைசி எல்லையை அல்ல. உடலின் வெப்பத்தைத் தரை விடாமல் உறிஞ்சிக்கொள்வதால், அடியில் விரிக்கும் பாயும் அதே அளவுக்கு முக்கியம். விலை குறைந்த நுரைப்பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அவற்றின் காப்புத்திறன் கூடுகிறது. அவை ஓட்டை விழுந்து கெடுவதும் இல்லை. பருத்தி ஆடை நனைந்தால் உலர நெடுநேரமாகும் என்பதால், நடக்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு நாளின் நடையையும் தொலைவால் மட்டும் அளக்கக் கூடாது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால், 900 மீட்டர் ஏற்றமுள்ள 12 கிலோமீட்டர் பாதைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். சுமைக்கும் ஓய்வுக்கும் தனியாக நேரம் சேர்க்க வேண்டும். கோடையில் மலைகளில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால், முகடுகளைக் காலையிலேயே கடந்து நண்பகலுக்குள் மரங்கள் உள்ள உயரத்துக்கு இறங்கிவிடுமாறு புறப்படும் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால், உயரத்தால் உடல்நலம் கெடாமலிருக்க, உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இதனால் கூடும் ஓரிரு நாட்களின் செலவைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

உலர் உணவாக எடுத்துச்சென்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் வரை போதுமானது. கரடிகள் உள்ள பூங்காக்களில் உணவோடு பற்பசை, சோப்பு போன்ற மணமுள்ள பொருட்களையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவின் காட்டுப் பகுதிகளைப் போல, கரடி திறக்க முடியாத கலன் கட்டாயமாக உள்ள இடங்களில் அதை வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் கணிசமான தொகை மிஞ்சும். ஓடை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க நினைத்தால் எரிபொருள் வேகமாகத் தீரும். கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடங்களும் அது கொதிக்க வேண்டும். ஆகவே சிறிய வடிகட்டி ஒன்று தன் விலையை விரைவில் ஈடுகட்டிவிடும். பயன்படுத்திய வடிகட்டி உறைந்தால் அதன் நுண்குழல்கள் வெடித்துப் பயனற்றுப்போகலாம் என்பதால், குளிர் இரவுகளில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயுக் குப்பிகளுக்கு விமானத்தில் அனுமதியில்லை. அவற்றைப் போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டும்.

மொத்தத் தொகையில் ஒரு பகுதியை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். காட்டுத்தீயோ பனியோ பாதையை மூடிவிட்டால், ஓர் இரவு அறை எடுத்துத் தங்க அது உதவும். சில நாடுகளில் மீட்பு ஹெலிகாப்டரின் செலவை மீட்கப்பட்டவரே ஏற்க வேண்டியிருப்பதால், பயணக் காப்பீட்டில் மலையேற்றமும் நீங்கள் செல்லும் உயரமும் அடங்குகின்றனவா என்று படித்துப் பாருங்கள். புறப்படும் முன், எந்த இரவு எந்த முகாம், எந்த நேரத்துக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும், அதன் தொலைபேசி எண் என்ன ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.