லைனிங்கை முதுகுப் பக்கமாக அரிக்கும் துத்தநாகம்: புதிதாக ஃபர்னஸுக்கு வருபவர்களுக்கு

வாளையார் தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோட்டுக்குள் நுழையும் ஸ்கிராப் லாரிகளை எட்டிப் பாருங்கள்: கூரைத் தகரம், ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), நசுங்கிய வாளி. மலையாளத்தில் இதற்கு ஆக்ரி என்று பேர். அந்தத் தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சுதான் நம் இன்டக்ஷன் ஃபர்னஸ் (மின்காந்தத்தால் இரும்பை உருக்கும் உலை) லைனிங்குக்கு, அதாவது உலையின் உட்சுவருக்கு, எமன்.

துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907-ல் கொதிக்கும். இரும்பு உருக 1,500-க்கு மேல் வேண்டும். இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். மேலே போவது கண்ணுக்குத் தெரிகிறது, லைனிங்குக்குள் புகுவது தெரிவதில்லை. லைனிங் போடும் ராம்மிங் மாஸ் இடித்து இறுக்கிய சிலிக்கா மணல்தானே, நுண்துளைகள் இருக்கும். ஆவி அதில் நுழைந்து பின்பக்கம் போகும். அங்கே உலையைச் சுற்றித் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் (காயில்) இருப்பதால் சூடு குறைவு; ஆவி குளிர்ந்து மறுபடி உலோகமாகப் படியும். அந்த உலோகம் வழியாக மின்சாரம் கசிய, அதைக் காட்டும் எர்த் லீக்கேஜ் அலாரம் அடிக்கும். முதல் தடவை நான் மீட்டரைச் சந்தேகப்பட்டு அரை ஷிஃப்டை வீணாக்கினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் லைனிங் வழவழவென்று இருந்ததே!

படி 1: லைனிங் உடைக்கும் நாளில் கைக்கு அடங்கும் ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே உடையுங்கள். முன்பக்கம் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். பின்னே போகப் போக உதிரும். அந்த உதிரியில் சாம்பல் நிறப் பொட்டுகளோ வெள்ளைத் தூளோ தெரிகிறதா?

படி 2: வெள்ளைத் தூளை ஒரு தகட்டில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் பர்னரால் சூடாக்குங்கள். மஞ்சளாகி, ஆறியதும் மறுபடி வெளுத்தால் துத்தநாக ஆக்சைடு. எனக்கு இன்றைக்கும் பார்க்கச் சலிக்காத வேடிக்கை இது.

படி 3: சார்ஜ் பண்ணும், அதாவது ஸ்கிராப்பை உலைக்குள் போடும், விதத்தை மாற்றுங்கள். புது லைனிங் நன்றாக இறுகும்வரை ஜி.ஐ. தகரத்தைத் தொடாதீர்கள். காலி ஃபர்னஸின் அடியிலும் அதைப் போடக் கூடாது. உருகி வழிந்து விரிசலில் இறங்கும். உருகிய இரும்பு கொஞ்சம் இருக்கும்போது, காய்ந்த தகரமாக, சிறிது சிறிதாகப் போடுங்கள். வாய் மூடிய பைப்பும் ஈரமும் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்.

அலுமினா செங்கல் உலையில் கதை வேறு: துத்தநாக ஆக்சைடு அலுமினாவோடு சேர்ந்து கானைட் என்ற கனிமம் ஆகும், செங்கல் உப்பி விரிசல் விடும்.

புகை அடிக்கும்போது மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள். அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்தால், துத்தநாகப் புகையில் நின்றதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் ஃப்ளூ என்றுதான் நினைப்பார்.