நோயோடு போராடும் குடும்பத்துக்குச் சட்ட வழி காட்டுவது எப்படி?

முதலில் சட்டம் பேசாதீர்கள், கேளுங்கள். குழந்தைக்கு மூச்சிரைப்பு என்று வரும் தாயிடம் மருந்தைப் பற்றி மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் வரும். வீட்டுச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, வீட்டுக்காரரிடம் சொன்னால் காலிசெய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறாரா, அதையும் கேளுங்கள். 1993இல் பாஸ்டனில் குழந்தை மருத்துவர்கள் வழக்கறிஞரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டது இதற்காகத்தான். மருந்தால் பூஞ்சை போகாது.

அப்புறம் காகிதம். காப்பீடோ உதவித்தொகையோ மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். உடனே வட்டமிட்டுக் கொடுங்கள், நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் தேதி தாண்டியதால் தோற்கிற குடும்பங்களைப் பார்ப்பது அவ்வளவு வேதனை. மருத்துவரின் கடிதம் 'இவருக்கு உதவவும்' என்று மொட்டையாக இருக்கக் கூடாது. என்ன நோய், இந்தச் சிகிச்சை ஏன் தேவை, கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெளிவாக எழுதித் தரக் கேளுங்கள்.

ஒப்புதல் இல்லாமல் யாரிடமும் விவரம் சொல்லாதீர்கள். மொழி தெரியாதவர்களுக்கு அவர்கள் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அம்மாவின் நோயைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது கொடுமை. வழக்கறிஞர் தேவைப்படும் கட்டம் வந்துவிட்டால், முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பாமல் இலவச சட்ட உதவி மையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள்.