வெள்ளாட்டுக் குட்டிகளின் இரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளாட்டின் சிவப்பணுவின் விட்டம் ஏறக்குறைய 3 மைக்ரான்தான். மனிதரின் சிவப்பணு 7 மைக்ரானைத் தாண்டும். வீட்டு விலங்குகளில் இத்தனை சிறிய சிவப்பணு வேறெதற்கும் இல்லை. அணு சிறியது என்பதால் எண்ணிக்கை மிகுதி: ஒரு மைக்ரோலிட்டரில் 80 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை இருக்கும். குட்டிகளின் இரத்த அறிக்கையில் நேரும் தவறுகளில் பலவற்றுக்கு இந்தச் சிறுமையை மறப்பதே காரணம். வேறு சில, குட்டியை வளர்ந்த ஆட்டின் அளவுகோலால் அளப்பதால் வருபவை.

மனித இரத்தத்துக்கென அமைக்கப்பட்ட எண்ணும் கருவியில் குட்டியின் இரத்தத்தைச் செலுத்தினால், சிவப்பணுக்களில் ஒரு பகுதியை அது இரத்தத் தட்டுகள் என்று கணக்கிட்டுவிடும். தட்டுகள் நம்ப முடியாத அளவு உயர்ந்தும் சிவப்பணுக்கள் குறைந்தும் வரும் அறிக்கையைப் பார்த்தால், குட்டியைச் சந்தேகிக்கும் முன் கருவியின் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். நுண்குழாயைச் சுழற்றி, இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று காட்டும் அணுக்கன விகிதத்தை, அதாவது பி.சி.வி.யை, அளக்கும்போதும் அணுவின் சிறுமை சிக்கலாகும். இந்தச் சிற்றணுக்கள் எளிதில் அடர்ந்து படிவதில்லை. வழக்கமான 5 நிமிடத்தில் நிறுத்தினால் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிந்து, இரத்தச்சோகை மறைந்துபோகும். 10 நிமிடத்துக்கு மேல் சுழலவிடுவது நல்லது.

மாதிரி எடுப்பதிலேயே பிசகிவிடுவதும் உண்டு. உடல் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு இரத்தம் என்று கொண்டால், 3 கிலோ குட்டியிடம் இருப்பது 200 மில்லிலிட்டர் அளவுதான். ஆகவே கொஞ்சமாக எடுப்பது சரி. ஆனால் அந்தக் கொஞ்சத்தை, இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்னும் பொருள் இட்ட பெரிய குழாயில் விட்டால், மிகுதியான உறைதடுப்பான் அணுக்களைச் சுருங்கச் செய்து பி.சி.வி.யைப் பொய்யாகக் குறைக்கும். சிறிய குழாயே ஏற்றது. துரத்திப் பிடித்து, கத்திக் கதறும் குட்டியிடம் உடனே இரத்தம் எடுத்தால், மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை வெளியே தள்ளுவதால் அளவு உயர்ந்து வரும்.

கழிச்சல் கண்ட குட்டியின் எண்களை அப்படியே நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். வெள்ளாட்டின் பி.சி.வி. பொதுவாக 22 முதல் 38 விழுக்காடு வரை. நீர் வற்றிய குட்டிக்கு 30 என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடுகிறோம். நீர் ஏற்றிய மறுநாள் அதே குட்டிக்கு 19 வரக்கூடும். சோகை முதல் நாளே இருந்ததுதான், குறைந்த நீர் அதை மூடியிருந்தது. மொத்தப் புரத அளவையும் தோல் மடிப்பு மீளும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏமாற்றம் நேராது.

இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் முதன்முறை பார்த்தபோது நானும் தடுமாறினேன். கதிர்போல் நீண்டவை, முக்கோணமானவை, சிறியதும் பெரியதுமாகக் கலந்தவை என்று சிவப்பணுக்கள் கிடக்க, ஏதோ கொடிய நோய் என்றே எழுதப் போனேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் இந்த வடிவ வேறுபாடு இயல்பானது. வெள்ளையணுக்களிலும் வயதின் கணக்கு உண்டு: பிறந்த முதல் சில நாட்களில் நியூட்ரோஃபில்கள் என்னும் வகை மேலோங்கியிருக்கலாம், பின்னர் லிம்போசைட்டுகள் என்னும் வகை முந்திவிடும். கடுமையான தொற்றின் தொடக்கத்தில் வெள்ளையணுக்கள் ஏறாமல் சரிவதும் அசைபோடும் விலங்குகளில் சாதாரணம் என்பதால், எண்ணிக்கை உயரவில்லை என்பதற்காகத் தொற்றில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

சோகை என்று உறுதியானதும் புழுநீக்க மருந்தை நோக்கியே கை போகிறது. ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்யும். 500 புழுக்கள் இருந்தால் 25 மில்லிலிட்டர். 8 கிலோ குட்டியின் மொத்த இரத்தமே 560 மில்லிலிட்டர் அளவுதான் என்பதை நினைத்தால் விபரீதம் புரியும். இருப்பினும் இந்தப் புழு முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதற்கு முன்பே இரத்தம் உறிஞ்சத் தொடங்கிவிடுவதால், சாணத்தில் முட்டை இல்லை என்பது புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது. மாறாக, மேய்ச்சலுக்கே போகாத இரண்டு வாரக் குட்டி வெளிறியிருந்தால் பேன், உண்ணி, தொப்புள் வழி இரத்தப்போக்கு, பாலை மட்டுமே நம்பிச் சிமெண்ட் தரையில் வளர்வதால் வரும் இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை கொண்டு கீழ் இமையின் உட்புற நிறத்தை ஒப்பிட்டு, நல்ல சிவப்புக்கு 1 முதல் வெளிறிய வெண்மைக்கு 5 வரை எண் கொடுப்பது எளிய, நல்ல முறை. வெயில் வெளிச்சத்தில், இமையை மெல்லக் கீழிறக்கி ஓரிரு நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் நிறம் மாறிவிடும். வளர்ந்த ஆடுகளுக்கு 4, 5 எண்களில் மருந்து போதும் என்றாலும், குட்டிகளுக்கு 3 என்றாலே காத்திருக்கக்கூடாது. கண் அழற்சியால் சிவந்த இமை சோகையை மறைக்கும் என்பதால் இரண்டு கண்களையும் பார்த்துவிடுங்கள்.

மருந்து கொடுத்த மூன்றாம் நாளே பி.சி.வி. ஏறவில்லை என்று வேறு மருந்துக்கு மாறுவதும் தவறு. எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு இளம் சிவப்பணுக்களை அனுப்பவே மூன்று, நான்கு நாட்களாகும். முழு நிறம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மருந்து வேலை செய்ததா என்பதை 10 முதல் 14 நாட்கள் கழித்துச் செய்யும் சாண முட்டைக் கணக்கெடுப்பே காட்டும்.