டோட்டோன்போரிக்குப் பொழுது சாயும் முன்பே போங்கள்

ஜப்பானின் ஓசாகா போகிறவர்கள் பலரும், அங்கே கால்வாயோரம் இருக்கும் கேளிக்கைப் பகுதியான டோட்டோன்போரியை நன்றாக இருட்டிய பிறகே எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் கால்வாயின் மேலுள்ள எபிசு பாலத்தில் கால் வைக்கக்கூட இடமிருக்காது. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விடுங்கள். வெளிச்சத்தில் வழி பிடிபட்டுவிடும். அப்புறம் கால்வாயின் இருகரையிலும் விளம்பரப் பலகைகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கும், அதைப் பார்க்கவே போகலாம்!

கிளிகோ என்ற இனிப்பு நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் இரு கைகளையும் தூக்கி ஓடும் வீரனை எல்லோரும் பாலத்தின் மேலே முண்டியடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். நீங்கள் படியிறங்கிக் கால்வாயோர நடைபாதைக்கு வந்துவிடுங்கள். நின்று நிதானமாக எடுக்கலாம், தண்ணீரில் விழும் வண்ணங்களும் சேர்ந்து கிடைக்கும். அந்தப் பலகையை முதலில் வைத்தது 1935இல். இப்போது இருப்பது 2014இல் வந்த ஆறாவது பலகை.

கூட்டம் அலுத்துப்போனால் தெற்கே சில அடி நடந்து ஹோசென்ஜி சந்துக்குள் நுழையுங்கள். கல் பாவிய ஒடுக்கமான வழி, நடுவில் உடம்பெல்லாம் பச்சைப் பாசி படர்ந்த ஃபுடோ என்ற பௌத்த தெய்வத்தின் சிலை. வேண்டிக்கொள்கிறவர்கள் அதன்மீது தண்ணீர் ஊற்றுவார்கள், நாமும் ஊற்றலாம். இதைத் தவறவிடவே கூடாது.

கடைகளுக்கு, பாலத்தின் வடக்கே சின்சைபாஷி வீதி. கூரை வேய்ந்தது, மழை பெய்தாலும் கவலையில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான வரிச்சலுகை வேண்டுமென்றால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அரிது, ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் நான்காய் நிறுவனத்தின் ரயிலில் ஏறினால் நேராக நம்பா நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.