பைக்குக்கு நீங்களே செய்யும் கியர் இண்டிகேட்டர்

வண்டி எந்த கியரில் இருக்கிறது என்று எண்ணால் காட்டும் கருவி இது. கியர் லீவரை எத்தனை முறை மிதித்தோம் என்று எண்ணிக் காட்டும் முறை வேண்டாம். ஒரு கியர் சரியாக விழாவிட்டாலும் கணக்கு பிசகி, நியூட்ரலுக்கு வரும்வரை தப்பான எண்ணே நிற்கும். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளப்பதே நம்பகமானது. வேகம் எதுவானாலும் ஒரு கியருக்கு அந்த விகிதம் மாறாது.

தேவை: அர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு போர்டு), காமன் கேத்தோடு ஏழு செக்மென்ட் டிஸ்ப்ளே, 330 ஓம் ரெசிஸ்டர் 7 (டிஸ்ப்ளேயின் ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஒன்று), 10 கிலோ ஓம் 2, 2.2 கிலோ ஓம் 1, ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் அருகே வருவதை உணர்வது), சிறு காந்தம் 4, பிசி817 ஆப்டோகப்ளர் (மின் இணைப்பில்லாமல் ஒளி வழியே பல்ஸைக் கடத்துவது), 1என்4148 டையோடு 2, எல்எம்2596 மாட்யூல் (வோல்ட்டைக் குறைப்பது), 1 ஆம்பியர் ஃப்யூஸ்.

முதலில் மின்சாரம். ‘12 வோல்ட்’ என்கிறோமே தவிர, வண்டி ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். சாவி போட்டால் மட்டும் வரும் ஒயரிலிருந்து ஃப்யூஸ் வழியாக எல்எம்2596-க்குக் கொடுங்கள். நானோவை இணைக்கும் முன்பே மல்டிமீட்டர் வைத்து அதன் திருகைச் சுழற்றி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்தால் நானோ முதல் நொடியிலேயே போய்விடும்.

டேக்கோமீட்டருக்கு (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) போகும் 12 வோல்ட் பல்ஸ் ஒயரை 2.2 கிலோ ஓம் வழியாக பிசி817-இன் எல்இடிக்குக் கொடுங்கள். எல்இடிக்குக் குறுக்கே ஒரு 1என்4148-ஐத் தலைகீழாகப் போடுங்கள். மறுபக்கத்தின் எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டர் நானோவின் டி2 பின்னுக்கு, 10 கிலோ ஓம் புல்-அப்புடன் (பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்குப் போகும் ரெசிஸ்டர்). இக்னிஷன் காயிலில் நேரடியாகத் தொடாதீர்கள், அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும்.

காந்தங்களைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் 90 டிகிரி இடைவெளியில் எபாக்ஸியால் ஒட்டி, 3 மில்லிமீட்டர் தள்ளி ஏ3144-ஐப் பொருத்துங்கள். அதன் எழுத்துள்ள முகம் தென்துருவத்துக்கு மட்டுமே இசையும்; பல்ஸ் வரவில்லையென்றால் பெரும்பாலும் காந்தம் திரும்பியிருக்கும். வெளியீடு டி3-க்கு, இதற்கும் 10 கிலோ ஓம். ஒரே காந்தம் வைத்தால் 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று பல்ஸ்தான், எண் தாமதமாக மாறும். ஒட்டியது சற்றுப் பிசகினாலும் கடைசி நான்கு இடைவெளிகளைக் கூட்டினால் முழுச் சுற்று நேரம் சரியாகக் கிடைக்கும்.

நியூட்ரல் விளக்கு ஒயரில் இன்னொரு 1என்4148-இன் கேத்தோடு, ஆனோடு நானோவின் இன்னொரு பின்னுக்கு, உள் புல்-அப்போடு. நியூட்ரலில் அந்த ஒயர் கிரவுண்டாகும். மற்ற நேரத்தில் வரும் 12 வோல்ட்டை டையோடு தடுத்துவிடும்.

நிரலில் டி2, டி3 இரண்டின் இன்டரப்டிலும் (பல்ஸ் வந்ததும் மற்ற வேலையை நிறுத்தி ஓடும் துண்டு) பல்ஸ் வந்த மைக்ரோ நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 மில்லிநொடிக்குள் வரும் அடுத்த பல்ஸ் இரைச்சல், தள்ளிவிடுங்கள். நானோவின் சிப் 8 பிட். 32 பிட் எண்ணைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது இன்டரப்ட் குறுக்கிட்டால் எங்கிருந்தோ ஒரு விசித்திர எண் வரும். அதனால் இன்டரப்டை நிறுத்திவிட்டு நகலெடுங்கள். சக்கரத்தின் முழுச் சுற்று நேரத்தை இன்ஜின் பல்ஸ் இடைவெளியால் வகுத்தால் விகிதம்.

சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கி, ஒவ்வொரு கியரிலும் கிளட்சை முழுதாக விட்டு விகிதத்தைக் குறியுங்கள். 30, 19, 14, 11.5, 10 என்பதுபோல வரும். ஒவ்வொன்றுக்கும் 6 சதவீதம் கூடக்குறைய அனுமதித்து, தொடர்ந்து மூன்று முறை ஒத்துவந்தால் மட்டும் எண்ணைக் காட்டுங்கள். கிளட்ச் பிடித்திருந்தாலோ வண்டி நின்றிருந்தாலோ விகிதம் கிடைக்காது. அப்போது ஒரு கோடு காட்டுவதே நேர்மை. ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை மாற்றினால் விகிதங்களை மறுபடி குறிக்க வேண்டும்.