பாதி காய்ந்த கான்வாஸ்: ஆயில் பெயின்டை அடுக்கடுக்காகத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று மாலை வரைந்த முகம் இன்று காலை வெளிச்சத்தில் பிடிக்காமல் போகிறது. கன்னத்து நிழல் கூடிவிட்டது, காது ஒரு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறது. கை உடனே பிரஷைத் தேடும். ஆயில் பெயின்டில் பெரும்பாலான சேதம் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது. மேலே போடும் வண்ணம் சரியாகவே இருக்கலாம். கீழே உள்ள படலம் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்காமல் போட்டதுதான் வினை.

வாட்டர் கலர் உலர்வது போல ஆயில் பெயின்ட் உலர்வதில்லை. அதிலிருக்கும் ஆளி விதை எண்ணெய் ஆவியாகிப் போகாது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு அங்கேயே இறுகுகிறது. காற்று முதலில் படுவது மேற்பரப்பில் என்பதால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் கூழாகவே இருக்கும். ஆகவே ஒரு படலத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: முழு ஈரம், பிசுபிசுப்பு, காய்ந்த நிலை. முழு ஈரத்தில் தாராளமாகத் திருத்தலாம். காய்ந்த பிறகும் திருத்தலாம். நடுவிலுள்ள பிசுபிசுப்பில் கை வைப்பதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுவே.

பிசுபிசுப்பான படலத்தில் பிரஷை இழுத்தால் அடி வண்ணம் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வரும். அதைச் சமாளிக்க இன்னும் கனமாக அப்புவோம். மேலே அப்பியது காய்ந்து இறுகும். கீழே உள்ளது அப்போதும் அசைந்துகொண்டிருக்கும். நகரும் தரையில் போட்ட சிமென்ட் மாதிரி மேற்படலம் பிளந்து, அகலமான வெடிப்புகள் வழியே அடி வண்ணம் தெரியத் தொடங்கும். நூறாண்டுப் பழைய ஓவியங்களில் காணும் மெல்லிய மயிரிழை வெடிப்பு வேறு, இது வேறு. இது சில மாதங்களிலேயே வந்துவிடும். அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பிங்க்கம் ரைடர் (1847–1917) ஒரே கான்வாஸை ஆண்டுக்கணக்கில் திருத்தியவர். காயாத படலத்தின் மேல் படலம், நடுவில் வார்னிஷ், மெழுகு, பிட்டுமென் (தார் போன்ற கறுப்புப் பொருள்) என்று அடுக்கினார். அவருடைய பல படங்கள் இன்று கறுத்து, வெடித்து, வரைந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கவே முடியாத நிலையில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கற்பனைக்கு நேர்ந்த கதி அது.

எத்தனை நாள் காத்திருப்பது? வண்ணத்துக்கு வண்ணம் மாறும். அம்பர் என்னும் பழுப்பு மண் வண்ண வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் காய்ந்துவிடும். டைட்டானியம் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு வாரம். காட்மியம் மஞ்சளும் சிவப்பும் அதே அளவோ, கொஞ்சம் கூடுதலோ. ஐவரி கறுப்பும் அலிசரின் சிவப்பும் பத்து நாள்கூட இழுக்கும். இதெல்லாம் மெல்லிய பூச்சுக்கு. பேலட் நைஃபால் அப்பிய கனமான இடம் மாதக்கணக்கில் உள்ளே ஈரமாகவே இருக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாம் இன்னும் தாமதமாகும். அதனால்தான் வேகமாகக் காயும் அம்பரை முதல் படலத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். கறுப்பைக் கனமாக அடியில் போட்டுவிட்டு அதன்மேல் வெள்ளையைக் கட்டுவது வெடிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

விரல் நுனியால் மேலாகத் தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். படத்தின் மிகத் தடித்த இடத்தில், கண்ணுக்கு உறுத்தாத ஓர் ஓரத்தில், நகத்தை மெல்ல அழுத்துங்கள். தழும்பு பதிந்தால் உள்ளே இன்னும் ஈரம். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் கான்வாஸில் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய துண்டுக் கான்வாஸ் ஒன்றை, படத்தை நிறுத்தும் ஈசல் சட்டத்தின் பக்கத்தில் மாட்டிவையுங்கள். தினமும் வேலை முடிந்ததும் அன்று கலந்த முக்கிய வண்ணங்களை, படத்தில் போட்ட அதே கனத்தில், அதில் ஒரு பட்டையாக இழுத்துத் தேதி எழுதுங்கள். மறுநாள் நகம் பதிப்பது, துணியில் தேய்ப்பது எல்லாம் அந்தத் துண்டில்தான். படத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது எண்ணெய்க் கணக்கு. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது. எண்ணெய் கூடிய படலம் மெதுவாகக் காயும், நீண்ட நாள் வளைந்துகொடுக்கும். அது அடியிலும், எண்ணெய் குறைந்த விறைப்பான படலம் மேலேயும் போனால் மேலே உள்ளது தாங்காது. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதல் படலத்துக்கு ட்யூப் வண்ணமும், அதை நீர்க்கவைக்கக் கொஞ்சம் டர்பன்டைனும் மட்டும். இரண்டாவதற்கு ட்யூபிலிருந்து வருவதை அப்படியே. மூன்றாவதற்கு ஒரு பங்கு ஸ்டாண்ட் ஆயிலுக்கு (காய்ச்சிக் கெட்டியாக்கிய ஆளி விதை எண்ணெய்) மூன்று பங்கு டர்பன்டைன் கலந்த மீடியம், அதாவது வண்ணத்தோடு சேர்க்கும் கலவை. அதற்கும் மேலே போனால் ஒன்றுக்கு இரண்டு, கடைசி கிளேஸுக்கு (அடி வண்ணம் ஊடே தெரியும் மெல்லிய பூச்சு) ஒன்றுக்கு ஒன்று. எந்தப் படலமானாலும் ஒரு டீஸ்பூன் வண்ணத்துக்குக் கால் டீஸ்பூன் மீடியத்துக்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவது போல மேற்பரப்பு சுருங்கிக்கொள்ளும்.

இந்த விதியை மனப்பாடமாகச் சொல்பவர்களே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, முதல் படலத்தை டர்பன்டைனில் நீர்மோராகக் கரைத்து ஊற்றுவது. வண்ணப் பொடியைப் பிடித்துக்கொள்ள எண்ணெய் போதாமல், காய்ந்த பிறகு துணியால் தேய்த்தால் பொடி பொடியாக வரும். அதன்மேல் கட்டும் எதுவும் நிலைக்காது. இன்னொன்று, ட்யூப் வண்ணத்திலேயே ஒளிந்திருக்கும் எண்ணெயை மறப்பது. அம்பர், ஐவரி கறுப்பு, அலிசரின் எல்லாம் அரைக்கும்போதே நிறைய எண்ணெய் குடிப்பவை. ட்யூபைத் திறந்ததும் எண்ணெய் தனியாக வழிந்தால், பிதுக்கிய வண்ணத்தைப் பழைய செய்தித்தாளில் பத்து நிமிடம் வைத்து உறிஞ்சவிட்டுப் பிறகு பேலட்டுக்கு மாற்றுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாய்ல்டு லின்சீட் (ஆளி விதை) ஆயிலை மலிவென்று வாங்காதீர்கள். அது மரக்கதவுக்கானது. சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். படத்தில் மஞ்சளித்துக் கறுக்கும். வெள்ளை வாங்கும்போதும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். டைட்டானியம் வெள்ளை என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்னால் நிறமிக் குறியீட்டில் பிடபிள்யூ 6 (டைட்டானியம்) உடன் பிடபிள்யூ 4 என்றும் இருக்கலாம். அந்த 4 என்பது ஜிங்க் வெள்ளை. எண்ணெயில் அது காலப்போக்கில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அடைந்து, மேலே உள்ள படலத்தோடு சேர்ந்து செதிலாகக் கழன்று வரும். அடுக்கடுக்காகக் கட்டும் படத்தில், அதுவும் அடிப்படலத்தில், அது வேண்டவே வேண்டாம்.

காலையில் துணியை விலக்கினால் நேற்று மினுமினுத்த அடர் நிறங்கள் சில இடத்தில் மங்கி, சாம்பல் பூத்தது போலத் தெரியும். அடியிலுள்ள படலமோ ஜெஸ்ஸோவோ எண்ணெயை உறிஞ்சியதால் வருவது இது. நிறம் மாறவில்லை, பளபளப்புதான் போயிருக்கிறது. இது தெரியாமல், மங்கிய நிழலைப் பார்த்து அதற்கேற்பப் புதிய வண்ணம் கலந்தால், வார்னிஷ் பூசும் நாளில் இரண்டும் இரண்டு ஊராகப் பிரிந்து நிற்கும். செய்ய வேண்டியது எளிது. படலம் காய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்டாண்ட் ஆயிலையும் டர்பன்டைனையும் சம பங்காகக் கலந்து, பஞ்சு வராத பருத்தித் துணியில் சில சொட்டு நனைத்து, மங்கிய இடத்தில் மட்டும் தேய்த்து, இரண்டு நிமிடம் கழித்து வேறு துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். நிறம் அப்படியே எழுந்து வரும். பிறகுதான் வண்ணம் கலக்க வேண்டும். படம் முழுவதும் எண்ணெய் பூசுவதும், துடைக்காமல் விடுவதும் மஞ்சள் படலத்தைத்தான் தரும்.

கட்டிலை நாற்காலியாகவோ, மரத்தை வானமாகவோ மாற்றுகிறீர்கள் என்றால் நிறத்தை மூடினால் போதாது. அடியிலுள்ள பிரஷ் தடம் மேடாக நிற்கும். விளக்கை அணைத்து, டார்ச்சைக் கான்வாஸின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து அடியுங்கள். புதிய வானத்துக்குள் பழைய கிளை வரப்பு வரப்பாகத் தெரியும். நன்றாகக் காய்ந்திருந்தால் 400 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, கான்வாஸுக்குப் பின்னால் ஒரு அட்டையைக் கொடுத்துக்கொண்டு, வட்டமாகத் தேயுங்கள். உலர வைத்துத் தேய்க்காதீர்கள். காட்மியமும் பழைய ஈய வெள்ளையும் பொடியாகப் பறந்து மூச்சில் போகும். முகமூடி போட்டுக்கொள்வது நல்லது.

நிறத்தளவில் மூடியதும் நிரந்தரமல்ல. எண்ணெய் முதுமையடையும்போது அதன் ஒளிவிலகல் எண் உயர்கிறது, படலம் மெல்ல மெல்லக் கண்ணாடித் தன்மை பெறுகிறது, மறைத்த கோடு மேலே வருகிறது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த, மன்னர் நான்காம் ஃபிலிப் குதிரைமேல் அமர்ந்த படத்தில், குதிரையின் பின்னங்கால்களுக்குப் பக்கத்தில் அவர் மாற்றிவிட்ட பழைய கால்களின் சாயல் இன்று வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அங்கே அது அழகு. ஆனால் வெளிறிய கன்னத்துக்குள்ளிருந்து அடர்கறுப்புக் கோடு ஒன்று எழுந்தால் அழகாக இருக்காது. அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் போகிறதென்றால் அடர்த்தியான படலம் இரண்டு போடுங்கள். அதைவிட, அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தொடங்குவது மேல்.

சுரண்டத் தயங்குவதுதான் பலரையும் கெடுக்கிறது. நாள் முழுக்க உழைத்ததை எடுக்க மனம் வராது. மறுநாள் பிசுபிசுப்பில் மாட்டிக்கொள்வோம். லண்டன் ஓவியர் ஃப்ராங்க் அவுர்பாக் (1931–2024) அன்றைய வேலை சரியில்லை என்றால் அதை வழித்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதையே தம் வழக்கமாக வைத்திருந்தார். வேலை முடித்த கையோடு ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். நிற்காது என்று தோன்றும் பகுதியை அன்றே, ஈரத்திலேயே, பேலட் நைஃபைப் படுக்கவைத்து வழித்துவிடுங்கள். முனையால் கீறினால் கான்வாஸ் நூல் அறுந்துவிடும். வழித்த பிறகும் மிச்சமிருக்கும் பிசுக்குக்கு ஒரு பழைய உத்தி உண்டு. லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் கற்பித்த ஹென்றி டாங்ஸ் (1862–1937) பெயரால் அதை டாங்கிங் என்பார்கள். செய்தித்தாளை ஈர வண்ணத்தின் மேல் விரித்து, உள்ளங்கையால் ஒரே சீராகத் தடவி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். கனமும் அதிகப்படி எண்ணெயும் தாளோடு போய்விடும். வடிவம் மட்டும் மங்கலாக நிற்கும். மறுநாள் வேலைக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

திருத்தும் முன் புகைப்படம் எடுக்காமல் விடுவதும் தவறுதான். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1935இல் 'இளஞ்சிவப்பு நிர்வாணம்' ஓவியத்தைத் திருத்தித் திருத்தி வரைந்தபோது ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்துவைத்தார். வெட்டிய வண்ணத் தாள்களைக் கான்வாஸில் குத்தி, மாற்றம் எப்படி இருக்கும் என்று பார்த்த பிறகே வண்ணம் போட்டார். நம்மிடம் ஃபோன் இருக்கிறது. காய்ந்த படத்தின் மேல் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றைக் கிளிப் போட்டு, அதன்மேல் திருத்தத்தை வரைந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஷீட்டைத் துடைத்தால் போயிற்று.

கிளேஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் வெள்ளை சேரக் கூடாது. ஒளி உள்ளே போய் அடிப்படலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். துளி டைட்டானியம் சேர்ந்தாலும் பனி மூடியது போலாகிவிடும். சிவப்பு கிளேஸுக்கு அலிசரினைவிடக் குயினாக்ரிடோன் ரோஸ் நம்பகமானது, ஏனென்றால் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அலிசரின் வெளிச்சத்தில் வெளுக்கும்.

அக்ரிலிக் மேல் ஆயில் போகலாம், ஆயில் மேல் அக்ரிலிக் போகக் கூடாது. பழைய ஆயில் படத்தின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ அடித்துப் புதிதாகத் தொடங்குவதும் இதே தவறுதான். ஒட்டியது போலிருந்து தோலாக உரியும். படம் காய்கிற நாள்களில் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். இருட்டில் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும், வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சம் போதும். டாமர் வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், கனமான படத்துக்கு ஒரு வருடம்.

கடைசியாக, எண்ணெய்த் துணி. ஆளி விதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். கான்வாஸில் அது காற்றோடு போய்விடும்; கசக்கிக் குப்பைக் கூடையில் போட்ட துணிக்குள் சேர்ந்துகொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஸ்டுடியோவைப் பூட்டும் முன் அன்றைய துணிகளையும் வண்ணம் உரித்த செய்தித்தாள்களையும் தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டின்னில் அமுக்கிவையுங்கள். டின் நிறைந்ததும் அப்படியே ஈரத்தோடு அப்புறப்படுத்துங்கள்.